மாமை தின்னும் மருந்து

விடியற்காலை ஐந்து மணிக்கு ஒரகடம் கூட்டுரோட்டிலே வந்து நின்று பாருங்கள், தோழர்களே! வாலாசாபாத் சாலையிலிருந்தும் திருப்பெரும்புதூர்ச் சாலையிலிருந்தும் கம்பெனிப் பேருந்துகள், ஒன்றன் வால் பிடித்து ஒன்றாக, விளக்கெரிய வந்து நிற்கும். ஏறுவோரில் எத்தனையோ பேர் பெண்கள். பதினெட்டும் இருபதும் இருபத்திரண்டும் ஆன இளமங்கையர். கைபேசியின் வயிற்றுக்குள்ளே கடுகினும் சிறிய திருகாணியைப் பொருத்தும் விரல்கள். கடல் கடந்த சந்தைக்குச் சரக்கு அனுப்பும் உழைப்பு! ஆனால் முகம்? முகத்தைக் காண முடியாது. துப்பட்டாவை நெற்றியிலிருந்து கழுத்துவரை இறுகச் சுற்றி, இரு கண்களுக்கு மட்டும் இடம் விட்டிருப்பார்கள். வெயிலுக்கு அஞ்சியா? வெயில் இன்னும் பிறக்கவேயில்லை. புழுதிக்கு அஞ்சியா? புழுதி பனியிலே அடங்கிக் கிடக்கிறது.

எல்லோருக்கும் ஒரே காரணம் என்று நான் கூறமாட்டேன். என் தங்கையின் காரணம் எனக்குத் தெரியும். இந்தக் கோடையிலே ஒரு நாள், பணி முடிந்து வந்து விளக்கைக்கூடப் போடாமல் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டவளின் துப்பட்டாவை என் கையாலேயே விலக்கிப் பார்த்தேன். கன்னம் இரண்டும் சுட்ட செங்கல் போலச் சிவந்திருந்தன. தோலுக்கடியிலே மெல்லிய குருதிக் குழாய்கள் சிலந்தி வலை பின்னியது போலத் தெரிந்தன. மேலுதட்டிலும் தாடையிலும் பூனைமயிர் அடர்ந்திருந்தது. மூக்கின் இருமருங்கும் பரு. "வெயில் பட்டால் மிளகாய் அரைத்துப் பூசியது போல எரிகிறது அக்கா. தண்ணீர் பட்டாலும் எரிகிறது. விளக்கு வெளிச்சம்கூடப் பிடிக்கவில்லை" என்றாள்.

தலையணைக்கு அடியிலே இருந்தது அந்தக் குழாய். கட்டைவிரல் நீளம்தான். கடைவீதியிலே ஒரு மருந்துக்கடையிலே, மருத்துவர் சீட்டு இல்லாமல், 'முகத்துக்கு நல்ல கிரீம்' என்று கேட்டவளுக்கு எடுத்துக் கொடுத்தது. பேருந்திலே பக்கத்து இருக்கைத் தோழி பூசுகிறாள். அவளுக்கு விடுதியிலே ஒருத்தி சொன்னாள். அவளுக்கு யார் சொன்னாரோ! மூன்றே வாரத்தில் முகம் முழு நிலவாகிவிட்டது என்று எல்லோரும் புகழ்ந்தார்களாம். பூசுவதை நிறுத்தியதும் முகம் தீப்பிடித்தது. மறுபடி பூசினால் தணிந்தது. நிறுத்தினால் மீண்டும் தீ. இப்படி எட்டு மாதம்!

நான் சீறினேன். பள்ளிக்கூடத்திலே பிள்ளைகளைக் கண்டிக்கும் அதே குரலில், "அறிவிருக்கிறதா உனக்கு? படித்த பெண்தானே நீ? நிறத்திலே என்னடி இருக்கிறது?" என்று கேட்டேன். அவள் எழுந்து உட்கார்ந்து, என்னை நேராகப் பார்த்துச் சொன்னாள்:

"நீதானே அக்கா முதலில் பூசினாய்?"

இந்தக் கட்டுரையை நான் எழுதுவது அந்த ஒரு வரிக்காகத்தான்.

ஆம், நான்தான் முதலில் பூசினேன். கல்லூரி நாட்களிலே, வரலாறு படித்த காலத்திலே, பெண்ணுரிமை பற்றிப் பேச்சுப்போட்டி என்றால் என் பெயர்தான் முதலில் இருக்கும். பழமை இருளைப் பிளப்போம், மூடத்தனத்தின் முதுகெலும்பை முறிப்போம் என்றெல்லாம் மேசையைத் தட்டி முழங்குவேன். கைதட்டல் கூரையைப் பிய்க்கும். மேடை ஏறுவதற்கு அரைமணி முன்னால் விடுதி அறையின் கதவைத் தாழிட்டு, சின்னப் பாக்கெட்டைப் பல்லால் கிழித்து, கண்ணாடி முன் நின்று கன்னத்திலே தேய்த்துக்கொண்ட கை யாருடையது? இதே கைதான். அன்று பரிசு வாங்கியபோது எடுத்த படம் எங்கள் வீட்டுக் கூடத்திலே மாட்டியிருக்கிறது. அம்மா வருவோர் போவோரிடமெல்லாம் அதைக் காட்டுவார். "படிச்சதும் எப்பிடிப் பளபளன்னு ஆயிட்டா பாரு" என்பார் ஆயா. தங்கை அந்தப் படத்தைப் பார்த்து வளர்ந்தாள். என் பேச்சை அவள் கேட்டதில்லை. என் முகத்தைத்தான் பார்த்தாள்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். நான் பி.எட். படித்தது அவள் கூலியிலே. பன்னிரண்டாம் வகுப்பு முடித்த கையோடு அவள் வேலைக்குப் போனாள். நான் ஆசிரியை ஆனேன்.

மறுநாளே அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றேன். தோல் மருத்துவர் அம்மையார் குழாயைக் கையில் வாங்கியதும் பெருமூச்சு விட்டார். "இந்த வட்டாரத்திலே வாரத்துக்கு எத்தனை பார்க்கிறேன் தெரியுமா, டீச்சர்?" என்றார். குழாய்க்குள்ளே மூன்று மருந்துகள். ஒன்று, நிறத்தை அடக்கும் ஹைட்ரோகுவினோன். இரண்டாவது, தோலின் மேலுரியை உரித்துவிடும் டிரெட்டினாயின். மூன்றாவது, மொமெட்டசோன் என்னும் ஸ்டீராய்டு. முகத்திலே மங்கு விழுந்தவர்களுக்கு, மருத்துவர் கண்காணிப்பில், சில வாரங்களுக்கு மட்டும் கொடுப்பதற்காகச் செய்தது. அதைத்தான் நம் பெண்கள் பவுடர் போல ஆண்டுக்கணக்கில் பூசுகிறார்கள். ஸ்டீராய்டு தோலை மெலியச் செய்கிறது. குருதிக் குழாய்களைச் சுருக்கி முகத்தை வெளுத்துக் காட்டுகிறது. நிறுத்தினால் அடக்கி வைத்த எல்லாம் பொங்கி எழுகிறது. பூசியவர் அந்தக் களிம்புக்கே அடிமையாகிறார். 2018ஆம் ஆண்டிலேயே மைய அரசு இத்தகைய 14 ஸ்டீராய்டுகளின் பூச்சு மருந்துகளை, மருத்துவர் சீட்டின்றி விற்கக்கூடாத பட்டியலிலே கொண்டு வந்தது. சட்டம் தாளிலே இருக்கிறது. குழாய் தலையணைக்கு அடியிலே இருந்தது!

நான் கலை படித்தவள். வேதியியல் எனக்குத் தூரத்து உறவு. எங்கள் பள்ளி அறிவியல் ஆசிரியரிடம் போய், "சார், நிறம் என்பது என்ன?" என்று கேட்டேன். அவர் ஒரு கத்தரிக்காயைக் கொண்டுவரச் சொல்லி, நடுவே அரிந்து மேசைமேல் வைத்தார். பேசிக்கொண்டிருக்கும்போதே அதன் வெண்ணிறச் சதை பழுப்பேறிக் கருத்தது. "காயிலே ஒரு நொதி இருக்கிறது, அதற்குள் செம்பு இருக்கிறது, காற்றுப் பட்டதும் நிறம் உண்டாக்குகிறது. உங்கள் தோலிலும் என் தோலிலும் இதன் உறவுக்காரன் ஒருவன் வேலை செய்கிறான். டைரோசினேஸ் என்று பெயர்" என்றார். அந்த நொதி டைரோசின் என்னும் பொருளை எடுத்து, படிப்படியாக மாற்றி, மெலனின் என்ற கருமணிகளை உண்டாக்குகிறது. தோலின் அடித்தளத்திலே இருக்கும் நிறச் செல்கள் அந்த மணிகளை மேலே உள்ள செல்களுக்கு அனுப்புகின்றன. ஒவ்வொரு மணியும் செல்லின் உட்கருவுக்கு மேலே குடை பிடித்தாற்போல நின்று, கதிரவனின் புறஊதாக் கதிரைத் தான் வாங்கிக்கொள்கிறது.

இதிலே எனக்கு வியப்பூட்டியது எது தெரியுமா? வெள்ளையருக்கும் கருப்பருக்கும் நிறச் செல்களின் எண்ணிக்கை ஏறத்தாழ ஒன்றே! மணி பெரிதா சிறிதா, நிறைய உண்டாகிறதா குறைவாகவா, சீக்கிரம் சிதைகிறதா நிலைத்து நிற்கிறதா, அவ்வளவுதான் வேற்றுமை. நாம் இருப்பதோ நிலநடுக்கோட்டிலிருந்து 13 பாகை தொலைவிலே. தலைக்கு நேரே வெயில் காயும் நாட்டிலே உழுது நட்டு அறுத்தவர்களின் தோல், பல்லாயிரம் ஆண்டு பாடுபட்டுச் சேர்த்த செல்வம் அந்தக் கருமணி. அதைக் காசு கொடுத்துக் கரைக்கிறோம்.

கரைக்கும் வழிகளும் பல. ஜப்பானியர் அரிசிச் சோற்றிலே வளர்க்கும் பூஞ்சையிலிருந்து 1907இல் கண்டறிந்த கோஜிக் அமிலம், நொதியின் உள்ளிருக்கும் செம்பைப் பற்றிக்கொண்டு அதை முடக்குகிறது. பாதரசமும் நொதியை முடக்குகிறது. ஹைட்ரோகுவினோனோ வஞ்சகமாக வேலை செய்கிறது. டைரோசின் போலவே வேடமிட்டு நுழைந்து, நிறச் செல்லையே நஞ்சூட்டுகிறது. இந்த ஹைட்ரோகுவினோன் நமக்குப் புதியதும் அன்று. பழைய புகைப்பட நிலையங்களிலே இருட்டறையில் படத்தைக் கழுவினார்களே, அந்தக் கரைசலிலே இருந்தது இதுதான். படத்திலே கருமையை வரவழைக்க ஒரு பொருள். படத்துக்கு நிற்கும் பெண்ணின் முகத்திலே கருமையை ஓட்டவும் அதே பொருள்!

இந்தக் குடும்பத்து மருந்து வெளுப்பாக்கும் என்பதை உலகம் எப்படி அறிந்தது? அழகுக்கலை வல்லுநரின் ஆய்வுக்கூடத்திலே என்றுதான் நானும் நினைத்தேன். இல்லை தோழர்களே, தொழிற்சாலையிலே! அமெரிக்காவிலே தோல் பதனிடும் தொழிற்சாலை ஒன்றின் தொழிலாளர்களுக்குக் கைகளிலும் முன்கைகளிலும் வெண்திட்டுகள் விழுந்தன. மருத்துவர்கள் ஆராய்ந்து 1939இல் வெளியிட்டார்கள்: குற்றவாளி தோலன்று, சுண்ணாம்பன்று, கையைக் காப்பதற்காக முதலாளி கொடுத்த ரப்பர் கையுறை! ரப்பர் கெட்டுப்போகாமல் இருக்க அதிலே ஹைட்ரோகுவினோனின் உறவுப் பொருளான மானோபென்சைல் ஈதரைக் கலந்திருந்தார்கள். அது நிறச் செல்லைத் தின்றது. அந்தத் தொழிலாளர்களில் கருப்பின மக்கள் பலர். அவர்கள் அதை நோய் என்றார்கள், இழப்பீடு கேட்டார்கள். பின்னாலே வந்த வணிகன் அந்நோயைப் புட்டியில் அடைத்து, அழகு என்று பெயர் சூட்டினான். ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் தோல் பதனிடுவோரும், எங்கள் ஒரகடத்திலே டயர் செய்வோரும் இருக்கின்ற நாடு இது. ஓர் உழைப்பாளியின் ஊனம் இன்னோர் உழைப்பாளிக்கு ஒப்பனையாக விற்கப்பட்ட இந்தக் கதையை வரலாற்று ஆசிரியையான எனக்கு எந்தப் பாடப்புத்தகமும் சொல்லித் தரவில்லை.

தென்னாப்பிரிக்காவிலே நிறவெறி ஆட்சி நடந்த காலத்திலே, கருப்பினப் பெண்கள் இந்த ஹைட்ரோகுவினோன் களிம்பை ஆண்டுக்கணக்கில் பூசினார்கள். வெளுக்கவில்லை, கன்ன எலும்பின்மேல் நீலங்கலந்த கருமை படிந்து, தோல் தடித்தது. 1975இல் மருத்துவர்கள் அதைப் பதிவு செய்தார்கள். வெளுக்க வந்த மருந்து நிலையான கருமையைத் தந்தது. அதுவும் மீளாத கருமை. 1990இல் அந்நாடு இத்தகைய களிம்புகளைத் தடை செய்தது.

அறிவியலிலே முன்னேறிய ஜப்பான் மட்டும் தப்பியதா? 2013 சூலையிலே கனேபோ என்னும் பெருநிறுவனம் ரோடோடெண்ட்ரால் கலந்த தன் வெளுப்புச் சரக்குகளைக் கடைகளிலிருந்து திரும்பப் பெற்றது. 19,000க்கும் மேற்பட்டோர்க்கு முகத்திலும் கழுத்திலும் கையிலும் வெண்திட்டு. முறையாக ஒப்புதல் பெற்று விற்ற பொருள்தான் அது.

நமக்கு அண்டையிலே கேரளம். மலப்புறம் மாவட்டம் கோட்டக்கல்லிலே சிறுநீரக மருத்துவர்கள் ஒரு விந்தையைக் கவனித்தார்கள். 2021 சூலை முதல் 2023 செப்டம்பர் வரை, சிறுநீரில் புரதம் ஒழுகும் ஒருவகை நோயோடு வந்தவர் 22 பேர். அவர்களில் 15 பேருக்கு அரிதாகக் காணப்படும் ஓர் உட்பிரிவு. அந்தப் பதினைவரில் 13 பேர் வெளுப்புக் களிம்பு பூசியதை ஒப்புக்கொண்டார்கள். களிம்பிலே பாதரசம்! நிறுத்தியதும் பெரும்பாலோர்க்கு நோய் தணிந்தது. நம் நாட்டு ஒப்பனைப்பொருள் விதிகளின்படி, தற்செயலாகக் கலந்துவிட்ட பாதரசம்கூடப் பத்து இலட்சத்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது, கண்ணுக்கு இடும் பொருள்களுக்கு மட்டும் விலக்கு. பெயரும் முகவரியும் இல்லாத டப்பாவுக்கு விதி ஏது? பூசியது கன்னத்திலே, பழுதானது சிறுநீரகம். நம் அறிவியல் ஆசிரியர் இதைச் சொன்னபோது, தங்கையின் குழாயிலே பாதரசம் இல்லையே என்று நான் நிம்மதி அடைந்ததை நினைத்தால் எனக்கே வெட்கமாக இருக்கிறது.

நான் கல்லூரியிலே பூசிய பாக்கெட்டு இந்த வகை அன்று. அதையும் நேர்மையாகச் சொல்லவேண்டும். இந்துஸ்தான் லீவர் நிறுவனம் 1975இல் சந்தைக்குக் கொண்டுவந்த ஃபேர் அண்ட் லவ்லியிலே இருந்தது நியாசினமைடு என்னும் வைட்டமின். அது நிற உற்பத்தியைத் தடுப்பதில்லை. கருமணிகள் மேலே போவதை மட்டும் ஓரளவு தடுக்கும். நிறுத்தினால் பழையபடி ஆகும். உடலுக்கு அது செய்த தீங்கு சிறிது. உள்ளத்துக்கு? கருத்த பெண்ணுக்கு வேலை இல்லை, வரன் இல்லை. களிம்பு பூசினாள், வேலையும் வந்தது வரனும் வந்தது என்று விளம்பரம் காட்டிக் காட்டி, ஒரு தலைமுறையையே கண்ணாடி முன் நிறுத்தினார்கள். 2009இல் சென்னையிலே பெண்கள் அமைப்பு ஒன்று 'கருமை அழகு' என்று இயக்கமே நடத்தவேண்டி வந்தது. 2020இலே, அமெரிக்காவில் ஜார்ஜ் ஃபிளாய்டு கொல்லப்பட்டு உலகமே கொந்தளித்த கோடையிலே, 'ஃபேர்' என்ற சொல்லை எடுத்துவிட்டு 'குளோ' என்று மாற்றினார்கள். சொல் போயிற்று. குழாய் இருக்கிறது.

வணிகனை ஏசுவது எளிது. தங்கை வலிமையான மருந்துக்கு ஏன் போனாள்? அதையும் கேளுங்கள்.

சென்ற தை மாதம் ஒரு வரன் வந்தது. மாப்பிள்ளையின் தந்தையார் கருஞ்சட்டைக்காரர். எங்கள் அப்பாவுக்கு மகிழ்ச்சி தாளவில்லை. பெரியவர் கூடத்திலே அமர்ந்து அருமையாகப் பேசினார். சாதகம் வேண்டாம், புரோகிதர் வேண்டாம், வரதட்சிணை என்ற பேச்சே கூடாது, சாதி கேட்கமாட்டோம் என்றார். நான் உள்ளம் பூரித்துப்போய் காப்பி கொண்டுவந்து கொடுத்தேன். தங்கை வந்து வணக்கம் சொல்லிப் போனாள். புறப்படும்போது, வாசல் வரை சென்ற பெரியவர் அப்பாவின் காதருகே, "எல்லாம் சரிங்க. பெண்ணுக்கு நிறம்தான் கொஞ்சம் மட்டு. பையன் விருப்பம் என்று ஒன்று இருக்கிறதல்லவா? கலந்து சொல்கிறோம்" என்றார். கலந்தார்களோ கரைத்தார்களோ, சொல்லி அனுப்பவேயில்லை. கதவுக்குப் பின்னே நின்ற தங்கைக்கு அந்த ஒரு சொல் கேட்டது: மட்டு.

சட்டையிலே கருமை, கொள்கை! மருமகளின் தோலிலே கருமை, குறை! சோதிடத்தை விட்டோம், சாதி வாலை வெட்டினோம். மணமகள் தேவை விளம்பரத்திலே 'சிவந்த நிறம்' என்ற இரு சொல்லை வெட்ட நமக்குக் கத்தி கிடைக்கவில்லை. அந்தப் பெரியவரைப் பழிப்பதற்காக இதை எழுதவில்லை. பெயரைச் சொன்னால் உங்களில் சிலருக்குத் தெரிந்தவராகவும் இருப்பார், ஆகவே சொல்லப்போவதில்லை. பாக்கெட்டைப் பல்லால் கிழித்த நான் அவரைவிட எந்த விதத்தில் மேல்?

புராணத்திலே ஒரு கதை உண்டு. தேவியைக் கருப்பி என்று கணவரான கடவுளே கேலி செய்ய, அவள் கடுந்தவம் புரிந்து, கருந்தோலை உரித்துப் போட்டுவிட்டுப் பொன்னிறக் கௌரியாகித் திரும்பினாளாம். கடவுளின் மனைவிக்கே தோலை உரிக்காமல் இல்லறம் நடக்கவில்லை என்றால், கம்பெனியிலே திருகாணி முடுக்கும் பெண் என்ன செய்வாள்? அதை விடுங்கள். நம் தமிழ் என்ன சொல்கிறது? சங்கப் பாட்டிலே தலைவியின் நிறத்துக்குப் பெயர் மாமை. மாந்தளிரின் நிறம் என்று உரைகாரர் விளக்குவார்கள். தலைவன் பிரிந்தால் தலைவி எதை இழந்துவிட்டதாகப் புலம்புகிறாள்? அந்த மாமையைத்தான். அவள் மேனியிலே வந்து படர்வது எது? பசலை. வெளிறல். வள்ளுவர் அந்த வெளிறலுக்கு ஓர் அதிகாரமே ஒதுக்கியிருக்கிறார். பத்துக் குறளும் துன்பத்தின் குரல்கள். கருமையான கவின் கெட்டு வெளுத்துப்போவதை நோய் என்று பாடிய மொழியிலே பிறந்து, அந்த நோயைக் குழாயில் அடைத்து விலைக்கு வாங்குகிறோம். இதைத் தங்கையிடம் உருக்கமாக எடுத்துச் சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டு, "அந்தத் தலைவியைப் பெண் பார்க்க யாராவது வந்தார்களா அக்கா?" என்று கேட்டாள். எனக்கு விடை தெரியவில்லை.

கூடத்திலே மாட்டியிருந்த என் படத்தை எடுத்துவிட்டேன். அம்மாவுக்கு வருத்தம். ஆயாவுக்குக் காரணம் புரியவில்லை. "நல்லாத்தானே இருந்துச்சு" என்கிறார். கழனியிலே அறுபது ஆண்டு நின்ற அவர் முகத்திலே சுருக்கம் உண்டு. ஒரு கொப்புளம் இல்லை, ஒரு திட்டு இல்லை. அதைத் தங்கை தன் விரலால் தடவிப் பார்த்ததை ஒரு நாள் கண்டேன்.

ஒன்பதாம் வகுப்பிலே கத்தரிக்காய் அரிந்து காட்டச் சொல்லி அறிவியல் ஆசிரியரைக் கேட்டுக்கொண்டேன். காட்டினார். பாடம் முடிந்து மணி அடித்ததும் ஒரு மாணவி என்னிடம் வந்து, புத்தகப்பையின் ஓரப் பையிலிருந்து ஒரு சின்ன டப்பாவை எடுத்து நீட்டினாள். பெயரில்லை, முகவரியில்லை. "அம்மா வாங்கிக் கொடுத்தாங்க மிஸ். தூக்கிப் போட்டா அம்மா அடிப்பாங்க. நீங்க வச்சுக்கோங்க" என்றாள். என் மேசை அறையிலே அது இருக்கிறது. அந்தத் தாய் இரண்டாவது ஷிப்டுக்குப் போகிறவர். இன்னும் சந்திக்க முடியவில்லை.

தங்கைக்கு மருத்துவர் எல்லாப் பூச்சையும் நிறுத்தச் சொல்லி, சாதாரண ஈரப்பசைக் களிம்பும் வெயில் தடுப்புக் களிம்பும் மட்டும் கொடுத்திருக்கிறார். முதலிரண்டு வாரம் முகம் வீங்கி, கண் திறக்க முடியாமல் கிடந்தாள். சம்பளம் பிடித்தார்கள். இப்போது வேலைக்குப் போகிறாள். துப்பட்டா இன்னும் முகத்தைச் சுற்றித்தான் இருக்கிறது. நான் ஒன்றும் சொல்வதில்லை. தெளிய மூன்று மாதத்துக்கு மேலும் ஆகலாம் என்றார் மருத்துவர். இரண்டு மாதம் ஆகியிருக்கிறது. வருகிற வெள்ளிக்கிழமை அவளுக்கு வார விடுமுறை. நானும் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, காலை ஏழு மணிப் பேருந்திலே மறுபடி அழைத்துச் செல்கிறேன்.